புள்ளி காட்டிக் கொடுக்கும்

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அதில் வரும் ககரத்தையெல்லாம் மகரமாக்கி, மகரத்தையெல்லாம் ரகரமாக்கி, இப்படி எழுத்துக்கு எழுத்து ஆளை மாற்றி உட்கார வைத்துவிட்டு, “இப்போது கண்டுபிடி” என்று கொடுப்பார்கள். ஆங்கிலத்தில் கிரிப்டோகிராம் என்று பத்திரிகைகளில் காலங்காலமாக வரும் விளையாட்டு. தமிழில் சங்கேதப் புதிர், எழுத்துமாற்றுப் புதிர், மறைமொழி என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறோம். எனக்கு இதில் வெகுநாள் பைத்தியம். ஆங்கிலத்தில் ஆரம்பித்தவன், தமிழுக்கு வந்த பிறகு ஆங்கிலப் புதிர்கள் பக்கம் போவதே குறைந்துவிட்டது. தமிழ் எழுத்து அந்த அளவுக்குத் துப்புகளைச் சிந்திக்கொண்டே போகிறது. அதை எப்படிப் பொறுக்குவது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

புதிதாக வருபவருக்கு எல்லாரும் சொல்லும் முதல் அறிவுரை, எண்ணு என்பது. எந்தக் குறி அதிகமாக வருகிறது என்று எண்ணிப் பார். மொழியில் அதிகமாக வரும் எழுத்தோடு அதைப் பொருத்து. பழைய, மரியாதைக்குரிய வழி. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-கிந்தி என்ற அறிஞர் இதை விளக்கி எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் ‘ஈ’ என்ற எழுத்து நூற்றுக்கு 12, 13 தடவை வரும். அடுத்தது ‘டி’, அப்புறம் ‘ஏ’. பெரிய கடிதம் கையில் கிடைத்தால் இந்தக் கணக்கு நன்றாகவே வேலை செய்யும்.

ஆனால் புதிர்ப் பக்கத்தில் நம் கைக்கு வருவது ஒற்றை வாக்கியம். ஆறு சொல், ஏழு சொல். அதில் எண்ணிக்கையை நம்பி இறங்குவது வீண் வேலை. முதல் இடத்துக்கு மூன்று எழுத்துகள் சமமாக நிற்கும், இரண்டாம் இடத்துக்கு நான்கு நிற்கும். அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் 1949இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு எல்லையே போட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் இந்த மாதிரி எளிய மாற்றுப் புதிருக்கு ஒரே ஒரு விடைதான் இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல, ஏறக்குறைய 30 எழுத்துகளாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் பொருந்திப் போகலாம். விடை ஒன்றுதான் என்று ஆவதற்கே இத்தனை வேண்டுமென்றால், எண்ணிக்கையை மட்டும் வைத்து அந்த விடையைப் பிடிக்க இன்னும் எவ்வளவு நீளம் வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் வழி வேறு. எண்ணிக்கையைக் கடைசியில் வைத்துக்கொள்வேன். முதலில் பார்ப்பது சொல்லின் வடிவம்: எங்கே ஒரே எழுத்து இரட்டிக்கிறது, எது சொல்லின் முதலில் நிற்கிறது, எது கடைசியில் நிற்கிறது, எதற்குப் பின்னால் எது வருகிறது.

பெரிய ஆட்களும் இப்படித்தான் உள்ளே நுழைந்திருக்கிறார்கள். 1969இல் அமெரிக்காவில் சோடியாக் என்று தன்னை அழைத்துக்கொண்ட கொலைகாரன் 408 குறிகள் கொண்ட ஒரு சங்கேதத்தைப் பத்திரிகைகளுக்கு அனுப்பினான். ஒரே எழுத்துக்குப் பல குறிகளை மாற்றி மாற்றிப் போட்டிருந்ததால் எண்ணிக்கை கணக்கு அங்கே எடுபடவில்லை. அதை உடைத்தது டொனால்ட் ஹார்டன், பெட்டி ஹார்டன் என்ற தம்பதி. இப்படிப்பட்ட ஆள் ‘நான்’ என்றுதான் தொடங்குவான், ‘கொல்’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல் நிச்சயம் வரும், அதில் ‘எல்’ இரட்டிக்கும் என்று ஊகித்து, அந்த இரட்டையைத் தேடிப் பிடித்தார்கள். அதே ஆசாமி அடுத்து அனுப்பிய 340 குறிச் சங்கேதம் 2020 டிசம்பர் வரை உடையவில்லை. அதில் குறிகளை மாற்றியதோடு நிற்காமல் வரிசையையும் கலைத்துப் போட்டிருந்தான். எதற்குப் பக்கத்தில் எது என்பதே தெரியாமல் போய்விட்டது.

சரி, தமிழுக்கு வருவோம். தமிழ்ப் புதிர்கள் ஒரே மாதிரி இருக்காது. முதலில் எந்த வகை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மிகவும் பரவலான வகையில் மெய்யெழுத்து மட்டும் மாறும். கால், கொம்பு, புள்ளி எல்லாம் அப்படியே இருக்கும். ‘க’வுக்கு ‘ம’ என்றால் ‘கு’வுக்கு ‘மு’, ‘க்’குக்கு ‘ம்’. சொல்லின் முதலில் வரும் உயிரெழுத்தும் மாறாது. பதினெட்டு மெய்களை மாற்றி அடுக்க 6,400 லட்சம் கோடிக்கும் மேல் வழிகள் உண்டு. கேட்கப் பயமாக இருக்கும். பென்சிலும் அரைப் பக்கமும் போதும்.

இன்னொரு வகையில் உயிர்க்குறிகளும் தங்களுக்குள் இடம் மாறும். அது கொஞ்சம் கடினம், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. மூன்றாவது வகை, க-வுக்கு 12, கா-வுக்கு 87, கி-க்கு 5 என்று ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனித்தனி எண் கொடுப்பது. 247 எழுத்தையும் இப்படிச் சிதற விட்டு ஒற்றை வரி கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். எந்த எண்ணும் இரண்டாம் முறை வராத வரியில் துப்பு என்று எதைப் பிடிப்பது? ஒரு பத்தி முழுக்கக் கொடுத்தால் முயலலாம். ஒரு வரி என்றால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

முதல் வகைக்குப் பள்ளிக்கூடத்து இலக்கணமே போதும். மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து, மெய்ம்மயக்கம் என்று மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்த அதே பாடங்கள். தொல்காப்பியமும் நன்னூலும் எந்த எழுத்தோடு எந்த எழுத்து சேரும், சேராது என்று வரம்பு கட்டியிருக்கின்றன. சங்கேதம் உடைப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ட, ற, ண, ன, ழ, ள, ர, ல ஆகியவை தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா. ங-வையும் கணக்கில் எடுக்க வேண்டாம். அப்படியானால் புதிரில் சொல்லுக்கு முதலில் நிற்கும் எந்த எழுத்தும் க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ என்ற ஒன்பதுக்குள் அடங்கிவிடும். ஒரு பார்வையிலேயே பதினெட்டு பாதியாகிறது. ஞ-வும் ய-வும் அபூர்வம் என்பதால், பெரும்பாலும் ஏழுதான்.

கடைசி எழுத்து இன்னும் நல்ல துப்பு. சொல்லின் முடிவில் புள்ளியோடு நிற்பது ம், ன், ல், ர், ள், ய் இவற்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். எப்போதாவது ண், ழ். வல்லினம் ஆறும் சொல்லின் முடிவில் நில்லா. நின்றால் அது சந்தி. ‘வீட்டைப் பார்த்தேன்’ என்பதில் வரும் ‘ப்’ மாதிரி. இது எனக்குக் கிடைத்த துப்புகளிலேயே இனிப்பானது: ஒரு சொல்லின் கடைசியில் புள்ளி வைத்து நிற்கும் எழுத்தே அடுத்த சொல்லின் முதல் எழுத்தாகவும் இருந்தால், அது க, ச, த, ப நான்கில் ஒன்று என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். ‘மரம் மட்டும்’, ‘நாளும் மழை’ என்று மகரமும் தற்செயலாக அப்படி அமையும் என்பதால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் மெய்ம்மயக்கம். இதுதான் சுரங்கம். க், ச், த், ப் நான்கும் சொல்லுக்குள் தன்னைத் தவிர வேறு எதையும் பின்னால் சேர்த்துக்கொள்ளா. ‘க்’குக்குப் பின் க வரிசைதான் வரும். ஆகவே புதிரில் ஒரு புள்ளி எழுத்துக்குப் பின்னால் வேறு எழுத்து வந்துவிட்டால், அந்தப் புள்ளி எழுத்து இந்த நான்கும் இல்லை. மாறாக ர், ழ் இரண்டும் ஒருபோதும் இரட்டிக்கா. இரட்டித்தால் அது ர-வும் இல்லை, ழ-வும் இல்லை. இரண்டு புள்ளி எழுத்துகள் அடுத்தடுத்து நின்றால், ‘பார்த்து’, ‘வாழ்ந்த’, ‘மேய்க்க’ போல, முன்னால் நிற்பது ய், ர், ழ் மூன்றில் ஒன்று. இது கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைக்கும் துப்பு. பலர் கவனிப்பதே இல்லை.

மெல்லின எழுத்துகளும் அடையாளம் காட்டும். ‘ங்’ அநேகமாக எப்போதும் புள்ளியோடுதான் வரும், பின்னால் க வரிசைதான் வரும். நீளமான புதிரில் ஓர் எழுத்து கால், கொம்பு எதுவும் இல்லாமல் புள்ளியோடு மட்டுமே வந்து, பின்னால் எப்போதும் ஒரே எழுத்து இருந்தால், ‘ங்க’ கிடைத்துவிட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்தோடு சொல் முடிந்தால் அது பெரும்பாலும் ‘-ங்கள்’ ஆகத்தான் இருக்கும். மூன்று எழுத்து ஒரே அடியில். ‘ந’ இன்னொரு மாதிரி ஆசாமி: சொல்லின் முதலில் வரும், இடையில் வந்தால் ‘ந்’ ஆகி த-வின் முன்னால் நிற்கும். இரண்டு இடத்திலும் ஒரே எழுத்தைப் பார்த்தால் ந-வும் த-வும் சேர்ந்தே கிடைக்கும். செந்நிறம், அந்நாள் போன்றவை விதிவிலக்கு, ஆனால் அரிது.

உயிரெழுத்து மாறாத புதிரில் உயிரில் தொடங்கும் சொற்களை முதலில் மேயலாம். ‘ஒ’ போட்டு அடுத்து ஓர் உகர எழுத்தோடு முடியும் ஈரெழுத்துச் சொல் ‘ஒரு’. ‘இ’, இரட்டித்த எழுத்து, ஐகாரம் என்றால் ‘இல்லை’. ‘எ’, புள்ளி எழுத்து, வேறொரு எழுத்தில் உகரம் என்றால் ‘என்று’, இரட்டித்தால் ‘எட்டு’. ஒரு எச்சரிக்கை: அப்பா, அம்மா, அக்கா, அண்ணா நால்வருக்கும் புதிரில் ஒரே முகம். குடும்பம் முழுக்க வரிசையாக நின்று யார் யார் என்று கேட்கும். அந்தச் சொல்லில் நேரம் கழிக்காமல் வேறு இடத்துக்குப் போய்விடுவது நல்லது.

இதையெல்லாம் சேர்த்து ஒன்று செய்து பார்க்கலாம். இதற்காகவே கட்டிய புதிர் இது. மெய் மட்டும் மாறியிருக்கிறது:

யச்சர் யளந்நந் நாள்ளு டேழ்சுர், மூகுர் டேழ்சுர்

மொத்தம் 23 எழுத்து. எண்ணிக்கைக்காரர் எண்ணினால் ர நான்கு, ச நான்கு, ந நான்கு என்று வரும். மூன்று பேரும் முதல் ரேங்க். அதை மூடி வைத்துவிடுங்கள்.

முதலில் கண்ணில் படுவது இரண்டாம் சொல்லின் கடைசி ‘ந்’, மூன்றாம் சொல்லின் முதல் ‘நா’. சந்தி வாசனை. அதோடு ‘ந்ந’ என்று முன்னாலேயே இரட்டித்திருக்கிறது. க்கக், த்தத், ப்பப் என்று ஏதோ ஒன்று. ‘நடத்தத்’, ‘பரப்பப்’ என்றும் வரலாம்தான். ஆனால் பார்க்க, கொடுக்க, இருக்க, நடக்க என்று ‘-க்க’ போட்டு முடியும் எச்சங்கள்தான் தமிழில் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. அவற்றுக்குப் பின் வல்லினம் மிகும். ‘-த்த’ என்று முடியும் பெயரெச்சமாக இருந்தால் (பார்த்த, எடுத்த) பின்னால் ஒற்று மிகாது. ஆகவே ந என்பதைக் க என்று பென்சிலால் எழுதிக்கொள்கிறேன். பென்சிலால்தான், இன்னும் உறுதியில்லை.

அடுத்து ‘சுர்’, ‘குர்’. உகரத்துக்குப் பின் புள்ளி எழுத்தோடு முடியும் சொற்கள் மூன்று. ‘-உம்’ தவிர வேறு எதற்கு இத்தனை வாய்ப்பு? ர என்பது ம. முதல் சொல்லும் அப்படியே மகரத்தில் முடிகிறது, பொருத்தமாக இருக்கிறது.

இப்போது இரண்டு முறை வரும் ‘டேழ்சுர்’. ஏகாரம், ஒரு புள்ளி எழுத்து, வேறொரு எழுத்தில் உகரம், ம். ‘ழ்’க்குப் பின் வேறு எழுத்து வருவதால் அது க, ச, த, ப இல்லை. எனக்குத் தோன்றுபவை வேண்டும், கேட்கும், தேங்கும். ‘தேம்பும்’ என்றும் சொல்லலாம், ஆனால் மகரத்துக்கு ஏற்கெனவே வேறு எழுத்து கொடுத்தாயிற்று. கேட்கும், தேங்கும் இரண்டிலும் உகரம் ஏறிய எழுத்து க. அதை நாம் ந-வுக்குக் கொடுத்துவிட்டோம். மிஞ்சுவது ‘வேண்டும்’. ட என்பது வ, ழ என்பது ண, ச என்பது ட.

ச கிடைத்ததும் முதல் சொல் ‘_ட்டம்’ ஆகிவிட்டது. கட்டம், மட்டம், வட்டம் மூன்றும் அடிபடும், அந்த எழுத்துகள் செலவாகிவிட்டன. சட்டம், பட்டம், நட்டம் என்று சில பாக்கி. அதே எழுத்தில்தான் அடுத்த சொல்லும் தொடங்குகிறது: ‘_ _க்கக்’. அதன் இரண்டாம் எழுத்து மூன்றாம் சொல்லில் இரட்டித்து வருகிறது: ‘கா_ _ு’. காட்டு என்று வராது, ட போய்விட்டது. காற்று? அப்படியானால் ‘_றக்கக்’. பறக்க. பட்டம் பறக்கக் காற்று வேண்டும். இந்த இடத்தில் பென்சிலில் போட்ட ‘க’வும் உறுதியாகிவிட்டது. கடைசியாக ‘_ூ_ும்’ ஒன்று பாக்கி. பட்டத்துக்குக் காற்றோடு வேறென்ன வேண்டும்? நூலும் வேண்டும்.

கவனித்தீர்களா, கடைசி இரண்டு எழுத்துகளுக்கு இலக்கணம் உதவவில்லை, பொருள்தான் கொடுத்தது. விடையில் ந-வும் ல-வும் ஒரே ஒரு தடவைதான் வருகின்றன. அவற்றை எந்த விதியாலும் நிரூபிக்க முடியாது. புதிர் கட்டுபவர் நியாயமானவர் என்றால் அப்படிப்பட்ட எழுத்தைப் பொருள் தெளிவாக உள்ள இடத்தில் மட்டும் வைப்பார்.

எழுதும் முறை பற்றி ஒரு சொல். புதிரைப் பெரிய எழுத்தில், வரிக்கு வரி நிறைய இடம் விட்டு, பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். கீழே விடைக்கான வரியில் கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் முதலிலேயே போட்டுவிடுங்கள். மெய் இடம் மட்டும் காலி. வெறும் ‘_ே_்_ும்’ கண்ணில் பட்டாலே பாதிச் சொற்கள் தாமாக வாயில் வந்துவிடும். ஓரத்தில் பதினெட்டு மெய்யையும் எழுதி, கொடுத்துவிட்டதை அடித்துக்கொண்டே வாருங்கள். மேலே ‘காட்டு’, ‘தேம்பும்’ போன்றவற்றை விரட்டியது அந்தப் பட்டியல்தான். ஆங்கிலப் புதிர்களில் எந்த எழுத்தும் தனக்குத் தானே நிற்காது என்று ஒரு வழக்கம் உண்டு. தமிழில் கட்டுபவர்கள் எல்லாரும் அதை மதிப்பதில்லை, எனவே அதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓர் எழுத்தை ஊகித்தால் அது இன்னொரு சொல்லிலாவது வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததுக்குப் போக வேண்டும். ஒரே சொல்லில் பொருந்துவது சாட்சியே இல்லை.

எனக்கு அடிக்கடி புதிர் அனுப்பும் நண்பர் ஒருவர் இருக்கிறார். நான் இலக்கண விதியால் உடைக்கிறேன் என்று தெரிந்ததும், “சூத்திரத்தைப் பக்கத்தில் வச்சுக்கிட்டு ஆடுறீங்க, இது அழுகுணி ஆட்டம்” என்றார். அதற்குப் பிறகு விதியை உடைப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது. பக்தி, சக்தி என்று ‘க்’குக்குப் பின் ‘தி’ வரும் சொற்களைப் போடுவார். ரயில், டாக்டர், லாரி என்று மொழிமுதல் விதியை மீறுவார். வடசொல்லும் பிறசொல்லும் கலந்த வாக்கியத்தில் என் விதிகள் தடுக்கி விழும். ஆனால் முழுக்க விழாது. இரண்டு விதிகள் ஒன்றுக்கொன்று முட்டினால், அந்தச் சொல் வெளியூர்ச் சொல் என்பதே ஒரு துப்பு. முட்டும் சொல்லை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை முடித்தால், ஒதுக்கியது தானாக வெளியே வரும்.

அடுத்து இடைவெளியை எடுத்துவிட்டு எழுத்தை ஐந்தைந்தாக அடுக்கி அனுப்பினார். உளவுக் கடிதங்களில் அப்படித்தான் செய்வார்கள். மொழிமுதல், மொழியிறுதி இரண்டும் போச்சு. மெய்ம்மயக்கம் மட்டும் மிச்சம், ஆனால் அதுவே போதுமானதாக இருந்தது. உயிரெழுத்து வரும் இடமெல்லாம் புதுச் சொல் தொடங்கும் இடம் என்பதை அவர் மறந்திருந்தார். அதை வைத்துப் பல சொற்களைப் பிரித்துவிடலாம்.

அவர் கட்டியதில் எனக்கு மிகவும் பிடித்தது உயிர்க்குறிகளையும் மாற்றிய வகை. அதிலும் புள்ளியையே ஒளித்துவிடுவார்: புள்ளிக்குப் பதில் கால், காலுக்குப் பதில் கொம்பு, கொம்புக்குப் பதில் புள்ளி. பார்த்தால் தமிழ் மாதிரியே இருக்காது. இங்கே மெய்யைத் தேடாதீர்கள்; முதலில் புள்ளியைத் தேடுங்கள். தமிழ்ச் சொல்லின் முதல் எழுத்தில் புள்ளி விழாது. சொல்லின் கடைசியில் அடிக்கடி விழும். ஒரே எழுத்து இரண்டு தடவை அடுத்தடுத்து வரும்போது முன்னதன் மேல் பெரும்பாலும் அதுதான் இருக்கும். இந்த மூன்றும் பொருந்தும் குறி ஒன்றே ஒன்றுதான் அகப்படும். புள்ளி கிடைத்துவிட்டால் மேலே சொன்ன மெய் விதிகள் எல்லாம் திரும்பக் கைக்கு வந்துவிடும். மற்றக் குறிகளில், எகர ஒகரக் குறில்கள் அநேகமாகச் சொல்லின் முதல் எழுத்தோடு நின்றுவிடும், கடைசியில் வாரா. அடிக்கடி கடைசியில் வரும் இரண்டு குறிகள் உகரமும் ஐகாரமும். ஔகாரம் வந்தால் அன்றைக்கு மழை பெய்யும்.

உயிரையும் மெய்யையும் முழுக்கப் பிரித்து, க-வை ‘க்’, ‘அ’ என்று இரண்டு குறியாக எழுதும் வகையும் உண்டு. அதில் மட்டும் எண்ணிக்கையை நான் முன்னால் கொண்டுவருவேன். அகரம் மற்ற எல்லாவற்றையும் தாண்டி நிற்கும். பின்னால் இகரமும் உகரமும். அகரம் பிடிபட்டால் அதன் இரு பக்கமும் பெரும்பாலும் மெய்கள் என்று தெரிந்துவிடும்.

நீங்களே புதிர் கட்டுவதாக இருந்தால் கணினி கைகொடுக்கும். யூனிகோடில் ‘கு’ என்பது க, அதன்பின் கொம்பு என்று இரண்டு குறிகளாகத்தான் சேமிக்கப்படுகிறது. ‘கொ’வும் அப்படித்தான், கண்ணுக்கு மூன்று துண்டாகத் தெரிந்தாலும். எனவே க-வைத் தேடி ம-வாக மாற்றச் சொன்னால் க், கா, கி எல்லாம் ஒரே அடியில் ம், மா, மி ஆகிவிடும். ஆனால் ஒவ்வொன்றாக மாற்றும்போது ஒரு வில்லங்கம் உண்டு. க-வை ம ஆக்கிய பிறகு ம-வை ர ஆக்கினால், பழைய க-வும் சேர்ந்து ர ஆகிவிடும். விடை இல்லாத புதிர் பிறந்துவிடும். முதலில் எல்லா மெய்யையும் எண்களாக மாற்றிக்கொண்டு, பிறகு எண்களைப் புது எழுத்தாக மாற்றுவது பாதுகாப்பான வழி. 1-ஐ மாற்றும்போது 12-ம் சேர்ந்து கெடாமல் இருக்க [1], [12] என்று ஒவ்வோர் எண்ணையும் அடைப்புக்குறிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பழமொழியை வைத்துக் கட்டாதீர்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். இரண்டு எழுத்து கிடைத்ததுமே முழுப் பழமொழியும் நினைவுக்கு வந்துவிடும். உடைத்த சுகம் கிடைக்காது. கேள்விப்படாத சாதாரண வாக்கியம்தான் நல்ல புதிர். எழுத்துகள் இரண்டு மூன்று இடங்களில் திரும்ப வர வேண்டும், சொற்கள் ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டும். நீளம் இருபதுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

கணினியிலேயே உடைக்கவும் செய்யலாம். ஏதோ ஒரு மாற்று அட்டவணையில் தொடங்கி, இரண்டு எழுத்தை இடம் மாற்றி, வாக்கியம் முன்பைவிடத் தமிழாக ஒலிக்கிறதா என்று எழுத்துக் கூட்டங்களின் பழக்கத்தை வைத்து மதிப்பெண் போட்டு, ஏறினால் வைத்துக்கொண்டு இறங்கினால் விட்டுவிட்டு, ஆயிரக்கணக்கான தடவை செய்யும். நீளமான வரி என்றால் நொடியில் முடித்துவிடும். எனக்கு அதில் ருசியில்லை.

கடைசியாக ஒன்று, விடை சொல்லாமல் விடுகிறேன். மெய் மட்டும் மாறிய வகை, முழுக்கத் தமிழ்ச் சொற்கள்:

தயை கிப்பழுத் ழெலுகின் வுயச்ழைவட் வம்மன் கிப்பால்வட்

முதல் சொல் அகராதியில் இருக்கும் நல்ல சொல்தான். தற்செயலாக அமைந்தது, அதை நம்பி இறங்க வேண்டாம். நான்காம் சொல்லின் வாலும் ஆறாம் சொல்லின் வாலும் ஒன்றாக இருப்பதிலிருந்து தொடங்குங்கள். அடுத்து இரண்டாம் சொல்லின் தலையையும் ஆறாம் சொல்லின் தலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ‘ச்’ ஒரே ஒரு தடவைதான் வருகிறது, ஆனால் அதற்குப் பின்னால் நிற்கும் எழுத்து வேறு இரண்டு இடங்களிலும் வருகிறது. அதில் ஒன்று சொல்லின் முதல் இடம்.